சைரன் மாமா சொன்ன மோதிர அளவு

நெய்வேலியில் நிலக்கரி தீர்ந்துபோனாலும் பயமில்லை, சைரன் மாமாவின் கோபத்தில் ஒயரை மாட்டினால் போதும், கடலூர் மாவட்டம் முழுக்க விளக்கெரியும் என்று எங்கள் பிளாக்கில் சொல்வார்கள். இது மிகையல்ல. அவருக்கு எதிர் குவார்ட்டர்ஸில் இருபத்தைந்து வருஷம் குடியிருந்தவன் சொல்கிறேன், பக்கத்து மாவட்டத்துக்கும் கொஞ்சம் கொடுக்கலாம்.

அவருக்கு ரேஷன் கார்டில் வேறு பெயர் இருந்தது. யாருக்கும் தெரியாது. ஒருநாள் வாசலில் காயவைத்த வடகத்தைக் காக்கா கொத்திவிட்டது என்று அவர் போட்ட சத்தத்தில், அடுத்த தெருவில் மூன்று பேர் ஷிஃப்ட் சைரன் என்று நினைத்து டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். அன்றிலிருந்து சைரன்தான். என் அம்மா அவரை ‘அண்ணே’ என்பதால் எனக்கு மாமா. அப்பா அவரை எதுவும் கூப்பிடமாட்டார். எதிர் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் மற்றவர்கள் எப்போது வாயைத் திறப்பது?

கம்மாபுரம் பக்கத்து ஊர்க்காரர். குடும்ப நிலம் சுரங்கத்துக்குப் போனதற்குக் கிடைத்த வேலை. “எங்க நெலத்துலயே நான் ஷிஃப்ட் பாத்துகினு இருக்கேன்” என்பார். அந்தக் கோபம் நியாயமானது. மற்ற கோபங்களுக்கு அப்படியொரு சிபாரிசு செய்ய முடியாது.

ஒருமுறை பண்ருட்டியில் பலாப்பழம் வாங்கி வந்தார். வீட்டில் வெட்டினால் சுளையில் இனிப்பில்லை. வெட்டிய பழத்தைச் சாக்கில் கட்டிக்கொண்டு மறுபடி பஸ் ஏறினார், கடைக்காரனைக் கேட்க. வழியெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்தவர், நின்றவர், கண்டக்டர் எல்லாருக்கும் “தின்னு பாருங்க, இது பலாவா? நீங்களே சொல்லுங்க!” என்று சுளை சுளையாக எடுத்துக் கொடுத்திருக்கிறார். பண்ருட்டி போய்ச் சேர்ந்தபோது சாக்கில் சக்கைதான் மிச்சம். சக்கையை வைத்துக்கொண்டு அரை நாள் சண்டை போட்டார். கடைக்காரன் வியாபாரம் நடந்தால் போதும் என்று வேறொரு பழத்தைக் கொடுத்து அனுப்பினான். அதைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் தொப்பென்று போட்டுவிட்டு, “நீங்களே தின்னுங்க, எனக்கு இனிமே பலாவே வேணாம்” என்று எங்கள்மேலும் கோபித்துக்கொண்டு போனார்.

இப்படிப்பட்டவர் கையில்தான் என் நிச்சயதார்த்த மோதிர விவகாரம் மாட்டியது.

எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். ஸ்டெல்லா கடலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். நான் மைன்ஸில் காண்ட்ராக்ட். அப்பா பர்மனென்ட், மகன் காண்ட்ராக்ட் என்றால் எங்கள் ஊரில் கல்யாணச் சந்தையில் அரை மதிப்பெண்தான். அந்த அரையையும் குறைப்பதற்கென்றே ஸ்டெல்லாவுக்குக் குறிஞ்சிப்பாடியில் ஒரு பெரியப்பா இருந்தார். அவர் மருமகன் வெளிநாட்டிலிருந்து வைர மோதிரம் போட்டாராம். அதனால் தங்கள் வீட்டுப் பெண் விரலுக்கு வைரம் இல்லாமல் நிச்சயதார்த்தம் நடக்காது என்று போனில் அறிவித்துவிட்டார். அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. பெண்ணைப் பெற்றவர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார், கட்டிக்கப்போகிறவளை யாரும் கேட்கவில்லை, இவர் விரலுக்கு விலை சொல்கிறார்.

என் நண்பன் ஒருவன் செல்போனைத் தேய்த்துப் பார்த்து, நிச்சயதார்த்த மோதிரத்துக்கு மூன்று மாதச் சம்பளம் செலவு பண்ணவேண்டும், உலகம் பூரா அதுதான் கணக்கு என்றான். நானும் அதை வீட்டில் வந்து சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே சைரன் மாமா நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

“எவன்டா சொன்னான் மூணு மாசச் சம்பளம்னு?”

“நெட்டுல போட்டிருக்கு மாமா.”

“போட்டவன் எந்த மைன்ஸ்ல வேலை பாக்குறான்? பர்மனென்ட்டா, காண்ட்ராக்டா? மூணு மாசம் அவன் வூட்ல அடுப்பு எரிய வேணாமா? விரலுக்கு மோதிரத்த போட்டுட்டு வயித்துக்கு இன்னாத்த போடுவ?”

அம்மா வெளியே வந்து, தன் செயினை அடகு வைத்து வைரம் எடுத்துவிடலாம் என்று இருப்பதாக அவரிடம் மெதுவாகச் சொன்னார். சமாதானப்படுத்துவதாக நினைத்துச் சொன்னது. அதன்பிறகு அவர் பேசியதை இந்தப் பத்திரிகையில் அச்சிட மாட்டார்கள். கடைசி வாக்கியம் மட்டும் அச்சிடலாம்: “கடைக்கு நானும் வரேன்.”

வந்தார். ஏசி போட்ட கடை. உள்ளே நுழைந்ததும் கூல்டிரிங்ஸ் நீட்டிய பையனிடம், “இதுக்கும் சேத்துதான பில்லு போடுவ?” என்று ஆரம்பித்தார். அம்மா அவருடைய சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார். வைரப் பிரிவில் இருந்த பெண் சிரித்த முகத்தோடு ஒரு மோதிரத்தை எடுத்துக் காட்டினாள். விலையைக் கேட்டதும் எனக்கு வியர்த்தது.

“சார், காதலை அளக்க முடியுமா சார்?” என்றாள்.

“அளக்க முடியாதுன்னா அப்புறம் எதுக்கும்மா தராசு வெச்சிகினு இருக்கீங்க?”

மேனேஜர் வந்தார். பெண்ணின் விரல் அளவு என்ன என்று கேட்டார். எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அம்மா தன் சுண்டு விரலைக் காட்டி “இந்த மாதிரி இருக்கும்” என்றார். நான் காற்றில் வட்டம் போட்டுக் காட்டினேன். மாமா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, கடையே திரும்பிப் பார்க்கக் கத்தினார்: “ஏம்மா, உன் விரல் இன்னா சைசு?”

அந்தப் பக்கத்திலிருந்து ஸ்டெல்லா கேட்டாள்:

“நீங்க யாருங்க?”

“நான் எதிர் வூடு. மோதிரக் கடையில நிக்குறோம். உங்க பெரியப்பா வைரம் கேக்குறாரு. சைசு சொல்லு.”

“என்ன வைரம்? யாரு கேட்டா?” ஸ்டெல்லாவின் குரல் ஏறியது. “எனக்கு மோதிரம் எடுக்க எல்லாரும் கடைக்குப் போயிருக்கீங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? நாள் முழுக்க கையில கிளவுஸ் மாட்டிக்கிட்டு வேலை பாக்குறேன். கல்லு வெச்ச மோதிரம் போட்டா கிளவுஸ் கிழியும். பிளெயினா, மெல்லிசா ஒண்ணு போதும். அதுக்கு மேல எடுத்தீங்கன்னா நீங்களே போட்டுக்குங்க!”

அளவைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். பேசி முடித்து ஒரு மாதம் ஆகியும், அவளை நேராகக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லையே என்று என்மேலேயே கோபம். சைரன் மாமா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னாடா இது, என்னையே கத்துது?”

கல் இல்லாத மோதிரம் எடுத்தோம். அம்மாவின் செயின் கழுத்திலேயே இருந்தது. அத்தோடு கிளம்பியிருக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை மோதிரம் பெண் வீட்டார் எடுப்பது, அளவு மட்டும் நாங்கள் கொடுக்கவேண்டும். மேனேஜர் என் விரலில் வளையங்களை மாட்டிப் பார்த்து ஒன்றைச் சரியென்றார்.

“கழட்டுடா” என்றார் மாமா. கழற்றினேன். விரல் முட்டியில் கொஞ்சம் பிடித்தது. “பெருசு குடுங்க.” அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. “இன்னும் பெருசு.”

“சார், இது கையை உதறினா விழுந்துடும்” என்றார் மேனேஜர்.

“விழட்டும்யா! மோதிரம் விழுந்தா குனிஞ்சி எடுத்துக்கலாம். விரல் விழுந்தா?”

மேனேஜருக்குப் புரியவில்லை. எங்கள் பிளாக்கில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. மாமாவுக்கு இடது கை மோதிர விரலில் பாதிதான் உண்டு. கல்யாணமான புதிதில் குவார்ட்டர்ஸ் கிடைத்து, கட்டில் பீரோவை லாரியில் ஏற்றி வந்தார். இறக்கும்போது லாரி மேலிருந்து குதித்தார். மோதிரம் பக்கப் பலகையின் கொக்கியில் மாட்டிக்கொண்டது. அவர் மட்டும் கீழே வந்தார். அத்தை இன்றுவரை எந்த லாரியைப் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அந்தக் கையை அவர் கண்ணாடி மேசைமேல் வைத்தார். மேனேஜர் பெரிய அளவையே எழுதிக் கொடுத்தார்.

நிச்சயதார்த்தம் சர்ச் ஹாலில். ஃபாதர் மோதிரங்களை மந்திரித்துக் கொடுத்தார். நான் ஸ்டெல்லாவுக்குப் போட்டேன். முன்வரிசையிலிருந்து பெரியப்பா எட்டிப் பார்த்து, “கல்லே காணோமே?” என்றார். எல்லாருக்கும் கேட்கும்படி. பிறகு ஸ்டெல்லா எனக்குப் போட்டாள். கைதட்டினார்கள். நான் கையைக் கீழே இறக்கினேன்.

மோதிரம் வழுக்கி, மேடையில் விழுந்து, உருண்டு, விளிம்பைத் தாண்டி அடியில் போய்விட்டது.

ஹால் முழுக்க “ஐயய்யோ” என்றது. சைரன் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடைக்கு அடியில் நுழைந்தார். உள்ளேயிருந்து அவர் மேடை போட்டவனைத் திட்டுவதும், கூட்டிப் பெருக்காதவனைத் திட்டுவதும் மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்டது.

பெரியப்பாவுக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? எழுந்து நின்றார். “நாங்க போட்ட மோதிரத்துக்கு அளவு குடுக்கத் தெரியல. மாப்பிள்ளை வேலைதான் காண்ட்ராக்ட்னு நெனச்சேன், விரலும் காண்ட்ராக்ட் போலருக்கு. ஒண்ணும் நிக்க மாட்டேங்குது!”

சிலர் சிரித்தார்கள். என் அப்பா தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தேன். அவ்வளவு கோபம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

மாமா தலையெல்லாம் ஒட்டடையோடு வெளியே வந்தார். ஒரு கையில் மோதிரம். பாதி விரல் கையைத் தூக்கிப் பெரியப்பாவின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“அளவு குடுத்தவன் நான்யா! இந்தா பாரு. அளவெடுத்து, அழகா, கச்சிதமா போட்ட மோதிரம் பண்ண வேலை. இவனும் நாளைக்கி வண்டியில ஏறி இறங்கத்தான போறான்? காண்ட்ராக்ட் விரல்னா மறுபடி மொளைக்குமா?”

சிரிப்பு நின்றது. பெரியப்பா விடவில்லை. “அதுக்காக வளையல் சைசுல போடுவியா?” என்றார். இவர் ஏதோ சொல்ல, அவர் ஏதோ சொல்ல, ஃபாதர் இரண்டு கையையும் தூக்கியபடி நடுவில் நின்றார்.

“ரெண்டு பேரும் உக்காருங்க!”

ஸ்டெல்லா. மைக்கை வாங்கிக்கூடப் பேசவில்லை. தன் கழுத்து மாலையிலிருந்து கொஞ்சம் நூலை உருவினாள். மாமாவின் கையிலிருந்த மோதிரத்தை வாங்கி, அடிப்பக்கம் நூலை இறுக்கிச் சுற்றி என் விரலில் போட்டாள். கெட்டியாக நின்றது.

“வீட்ல இருக்கும்போது நூலோட போட்டுக்கட்டும். வேலைக்குப் போகும்போது கழட்டி வெச்சிட்டுப் போகட்டும். முடிஞ்சுதா? பெரியப்பா, கல்லு வேணாம்னு சொன்னது நான். அவர் வேலையப் பத்திச் சிரிக்கிறதுன்னா பந்திக்கு இருக்க வேணாம், கிளம்புங்க.”

பெரியப்பா கிளம்பவில்லை, பிரியாணி வாசம் வந்துவிட்டது. ஆனால் உட்கார்ந்தார். அவருக்கு நாலு இலை தள்ளி சைரன் மாமாவும் உட்கார்ந்து, தலையைத் தூக்காமல் சாப்பிட்டார். பிரியாணியில் குறை சொல்லாத ஒரே நாள் அது. கை கழுவும்போது என்னிடம், “பொண்ணுக்கு நல்ல குரலுடா” என்றார்.

கல்யாணத்துக்குப் பிறகு நான் ஷிஃப்டுக்கு வண்டியை எடுக்கும்போதெல்லாம் எதிர் வாசலிலிருந்து “மோதிரம்!” என்று ஒரு சத்தம் வரும். பிளாக்கே சிரிக்கும். எனக்கு மானம் போகும். “தெரியும் மாமா, கழட்டிட்டேன்!” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கத்துவேன்.

போன வருஷம் அவர் ரிட்டயர்டு ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, விழுப்புரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கே போய்விட்டார். சாமான் ஏற்றிய லாரியில் அவரை ஏறவிடாமல் அத்தை பஸ்ஸில் கூட்டிப்போனார். இப்போது எனக்கு முதல் ஷிஃப்ட் என்றால் விடியற்காலையில் போன் வருகிறது.

“கழட்டிட்டியாடா?”

கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுத்தான் போனையே எடுப்பேன். ஆனாலும், “இல்ல மாமா, விரல்லதான் இருக்கு” என்று சொல்லிவிட்டு, அவர் திட்டி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு நிற்பேன்.