ஜவாஹிர் நானாவின் இரத்தம் மாறிய விதம்

தில்லையடி, புத்தளம்.
ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

கண்ணியத்துக்குரிய மருமகன் நிஸார் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாமி ஸுல்பிகா எழுதுவது. அல்லாஹ்வின் உதவியால் இங்கு என் முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் சுகம். கத்தாரில் உங்கள் சுகமும் என் மகள் ஸஹ்னாவின் சுகமும் அறிய ஆவல். கோல் எடுத்துச் சொல்லக்கூடிய விடயத்தை ஏன் கையால் எழுதி, படம் பிடித்து உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறேன் என்று நீங்கள் யோசிக்கலாம். வாயால் சொன்னால் குரல் உயர்ந்துவிடும். எழுத்தில் நான் எப்போதும் மரியாதையானவள்.

விடயம் இதுதான். பெருநாளுக்கு வந்திருந்தபோது எங்கள் இரத்ததானச் சங்கத்தின் ஆட்களை நீங்கள் எக்செல்லில் ஏற்றி, பெயர், ஊர், இரத்த வகை, ஃபோன் நம்பர் என்று அழகாகப் பிரித்துத் தந்தீர்கள். செயலாளர் என்ற முறையில் நான் அதைக் கண்ணைப் போல் பார்த்துக்கொண்டேன். கண்டக்குழியில் முகாம் வைத்த அன்று, மீன்பிடிக்கிற யோசேப்பு என் லப்டொப்பை எட்டிப் பார்க்கும் வரை ஒரு குறையும் இல்லை. "என்ன டீச்சர், ஒவ்வொரு முகாமுக்கும் முதல் ஆளா வந்து படுக்கிறது நான். என்ட பேரக் கடைசியில போட்டிருக்கிறீங்க?" என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. உடனே உங்களுக்குக் கோல் எடுத்தேன். நீங்கள் கார் ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். "லேசு மாமி. பேர கட் பண்ணுங்க, மேல போய் ரைட் கிளிக் பண்ணி இன்சேர்ட் குடுங்க, அவ்வளவுதான்" என்றீர்கள். நான் குறை சொல்லவில்லை மகன். சொன்னதைச் சொன்னபடி செய்தேன். யோசேப்பு முதலாம் இடத்துக்குப் போனார், மற்ற எல்லாரும் ஒழுங்காக ஒரு படி கீழே இறங்கி நின்றார்கள். இடைவெளி இல்லை, சிவப்பு எழுத்து இல்லை, ஒரு சத்தமும் இல்லை. யோசேப்பு பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். நான் சேவ் பண்ணி மூடினேன். இறங்கியது பெயர்கள் மட்டும்தான், இரத்த வகையும் ஃபோன் நம்பரும் பழைய இடத்திலேயே நிற்கின்றன என்பது எனக்குத் தெரியாது. முழு வரியையும் பிடித்து நகர்த்த வேண்டும் என்று சொல்ல உங்களுக்கு அந்த வாகன நெரிசலில் நேரம் கிடைத்திருக்காது.

செவ்வாய்க்கிழமை காலை பக்கத்து வீட்டு நபீலா செருப்பும் போடாமல் ஓடி வந்தாள். அவள் மகள் றிஸ்மினாவைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். "ராத்தா, புள்ளைக்கு ஓ நெகடிவ் இரத்தம் இன்னும் வேணுமாம். ஆளக் கொண்டு வரச் சொல்றாங்க" என்றாள். நான் பட்டியலைத் திறந்தேன். ஓ நெகடிவ் ஒரேயொரு ஆள், எங்கள் தெருவில் இரும்புக் கடை வைத்திருக்கும் ஜவாஹிர் நானா. அந்த வரியில் இருந்த நம்பருக்கு எடுத்தால் ஒரு பெண் குரல்.

"ஜவாஹிர் நானா இல்லையா?"

"இல்லை, நான் வண்ணாத்திவில்லுவில இருந்து கஜலக்ஷ்மி. ஆர் கதைக்கிறது?"

"இரத்ததானச் சங்க டீச்சர். ஓ நெகடிவ் அவசரமாத் தேவை. நம்பர் பிழைபோல, வைக்கிறன்."

"வைக்காதேங்கோ டீச்சர்! நான் ஓ நெகடிவ்தான்."

ஒரு வரி கீழே பார்த்தேன். கஜலக்ஷ்மி இருந்தாள். ஏ பொசிடிவ்.

"இல்லையே தங்கச்சி, நீங்க ஏ பொசிடிவ்."

"என்ர இரத்தம் எனக்குத் தெரியாதே டீச்சர்?"

"கொம்பியூட்டரில அப்பிடித்தானே இருக்கு!" என்று சொல்லி, நேரத்தை வீணாக்கக்கூடாது என்று கோலை வெட்டிவிட்டேன். மகன், ஒரு மனுஷி தன் உடம்பில் ஓடுவதைத் தன் வாயால் சொல்கிறாள், நான் பெட்டிக்குள் இருப்பதை நம்பினேன்.

பிறகு ஜவாஹிர் நானாவின் கடைக்கு ஓடினேன். "எனக்கு ஓ நெகடிவா?" என்று கேட்டபோதே அவர் முகம் மலர்ந்தது. தன் வகை என்னவென்று அவருக்கு ஞாபகமே இல்லை. ஆட்டோவில் ஏறியதிலிருந்து டிரைவரிடம், "எங்கட இரத்தம் லேசில கிடைக்காத சாமான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் காவலாளியிடமும் சொன்னார். உள்ளே சோதித்துப் பார்த்த நேர்ஸ் பி பொசிடிவ் என்றார். ஜவாஹிர் நானா என் பக்கம் திரும்பி, "காலையில ஓ நெகடிவ், இப்ப பி பொசிடிவ். என்ட இரத்தத்த யாரு மாத்தின டீச்சர்?" என்று அந்த மண்டபமே கேட்கக் கத்தினார். நபீலா என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். அப்போதுதான் மூளையில் பட்டது: அந்த வரியில் பெயர்தான் பிழை, வகையும் நம்பரும் சரி! உடனே கஜலக்ஷ்மிக்குக் கோல் எடுத்தேன். எதிரே ஆட்கள் உட்கார்ந்திருந்த வாங்கில் ஒரு ஃபோன் அடித்தது. கழுத்தில் அளவு நாடா தொங்க ஒரு பெண் எழும்பி நின்றாள்.

"நீங்கள் வெட்டின உடனே வெளிக்கிட்டன் டீச்சர். எந்த ஆஸ்பத்திரியெண்டு நீங்கள் சொல்லேல்லை. புத்தளமாத்தான் இருக்குமெண்டு பஸ் ஏறினன். ஆருக்கு இரத்தம் வேணுமெண்டு கேட்டால் இஞ்ச ஒருத்தருக்கும் விளங்கேல்லை, நீங்கள் வருவீங்கள்தானே எண்டு இருந்தன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். சோதித்தார்கள். ஓ நெகடிவ். றிஸ்மினாவுக்குப் பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம், அல்ஹம்துலில்லாஹ். முன்பின் தெரியாத அந்தத் தையல்காரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நபீலா அழுத அழுகையில், ஜவாஹிர் நானாவே தன் இரத்தத்தை மறந்துவிட்டுக் கண் துடைக்கக் கைலேஞ்சியைத் தேடினார்.

ஆனால் வெள்ளிக்கிழமை நடந்த சங்கக் கூட்டத்தில் அவருக்கு அது திரும்ப ஞாபகம் வந்துவிட்டது. "இந்தப் பெட்டி வேணாம், பழையபடி கொப்பியில எழுதுங்க" என்று எழும்பி நின்றார். நான் மாட்டேன் என்றேன். "நகர்த்தினது நான், நிமிர்த்துறதும் நான்தான்" என்று சொல்லிவிட்டு வந்து அன்றே உட்கார்ந்தேன். செய்ததை இல்லாமலாக்கிப் பின்னுக்குப் போகிற அம்புக்குறி சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. பரவாயில்லை என்று யோசேப்பைப் பழையபடி கடைசிக்கு இறக்கினேன். எல்லாரும் ஒரு படி ஏறினார்கள். ஒவ்வொருவருக்கும் கோல் எடுத்து, பெயர் என்ன, வகை என்ன என்று கேட்டு ஒத்துப்பார்த்தேன். சிலர் ஏசினார்கள், நான் விடவில்லை. பிறகு இடப்பக்க இலக்கத்தில் பிடித்து முழு வரியாக யோசேப்பை மேலே கொண்டுபோய் வைத்தேன். தன் இரத்தத்தோடும் தன் நம்பரோடும் போய் உட்கார்ந்தார். ஆகவே மகன், கட் என்றால் என்ன, கொப்பி என்றால் என்ன, பேஸ்ட் என்றால் என்ன எல்லாம் இப்போது எனக்கு அத்துப்படி. இனி இந்த விடயத்தில் யாருடைய உதவியும், மன்னிக்க வேண்டும், உங்களுடைய உதவியும் எனக்குத் தேவைப்படாது.

உங்கள் இருவரின் ஆயுளிலும் உழைப்பிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. வண்டி ஓட்டும்போது இனி யாருடைய கோலுக்கும், மாமியின் கோலாக இருந்தாலும், பதில் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
துஆவுடன் மாமி,
ஸுல்பிகா.

பி.கு: மேலே உள்ளதை எழுதி முடித்த கையோடு றிஸ்மினாவின் மாப்பிள்ளை ஹில்மி வந்து தன்னையும் சங்கத்தில் சேர்க்கச் சொன்னார். கடைசி வரியில் எழுதினேன். புதுத் தகப்பன் ஆயிற்றே, கொஞ்சம் மேலே போடுவோம் என்று முழு வரியையும்தான் பிடித்தேன். மூலையில் ஒரு சின்னப் புள்ளி இருந்தது, அதில் பிடித்து மேலே இழுத்தேன். இப்போது தில்லையடி முதல் கண்டக்குழி வரை எல்லாரும் ஹில்மி, எல்லாருக்கும் ஓ பொசிடிவ். இன்னும் சேவ் பண்ணவில்லை. வலக்கை மவுஸில் அப்படியே இருக்கிறது, இதை இடக்கையால் எழுதுகிறேன். உடனே கோல் எடுங்கள் மகன்.