அண்ணன் சீரைக் கழற்றிய கதை

குக்கரில் ஆவி அடங்குவதற்குள் மூடியைத் திறக்கப் பார்க்கிற ஆள் நான். பஸ் நிற்பதற்குள் படிக்கட்டுக்கு வந்துவிடுவேன். ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைப்பதற்கு முன்பே, "ரெடி, வந்து வாங்கிக்கங்க" என்று போன் போட்டுவிடுவேன். எங்கள் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். வீடு தீப்பிடித்தது என்றால்கூட, "எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டுச் சட்டையைத் தேடுவார். எங்கள் இரண்டு பேர் கையிலும் சேர்ந்து மாட்டிக்கொண்டதுதான் அந்தப் பலகை.

கீரமங்கலம் பஸ் ஸ்டாண்டை ஒட்டி எனக்கு ஒரு தையல் கடை. கடை திறந்தபோது, சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த எங்கண்ணன் சீராக என்ன வேண்டும் என்று கேட்டான். ஊரில் எல்லோரும் பீரோ கேட்பார்கள். நான், சுவருக்குப் பலகை அடித்துக் கொடு என்றேன். (சுண்ணாம்பு உதிர்ந்து ஊரார் பட்டுப்புடவையில் எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது.) தேக்கு நிறத்தில் வழவழவென்று நாலு பலகை. என் மாமியாரே வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனார். அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அவனிடம் ஒரு குணம் உண்டு. அவன் கொடுத்த சாமான் ஒரு வீட்டில் கண்ணில் படவில்லை என்றால் வாய் திறந்து கேட்கமாட்டான். சாப்பிடாமல் எழுந்து போய்விடுவான். எங்கள் அக்கா வீட்டில் அவன் வாங்கிக் கொடுத்த மிக்ஸியைப் பரணில் பார்த்துவிட்டு, வருடக்கணக்கில் அந்த வீட்டில் கை நனைக்கவில்லை.

இப்படி இருக்கும்போது, கட்டடத்தை இடிக்கப் போகிறேன் என்று ஓனர் சொல்லிவிட்டார். எதிர்ச் சாரியில் வேறு கடை பிடித்து, வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுவதாக ஏற்பாடு. அண்ணனும் லீவில் வந்திறங்கினான். அவன் கேட்ட முதல் கேள்வியே, "பலகையெல்லாம் புதுக் கடைக்கு வந்துருமுல்ல?" என்பதுதான்.

"அது வராமயா" என்றேன், பெரிய இவள் மாதிரி.

அன்றைக்குப் பலகை அடித்த கணேசன் ஆசாரிதான் இன்றைக்குக் கழற்றித் தர வேண்டும். திங்கட்கிழமை கூப்பிட்டால் நாளைக்கு வாரேன் என்றார். மறுநாள் கூப்பிட்டாலும் நாளைக்கு வாரேன் என்றார். புதன்கிழமை காலையில் மறுபடி போன் போட்டேன்.

"தங்கச்சி, கந்தர்வக்கோட்டையில ஒரு கதவு வேலை. பஸ்ஸுல போயிக்கிட்டிருக்கேன், சரியாக் கேக்கல."

"நாளைக்கு ஒரு நாள்தாண்ணே இருக்கு."

"பதறாத தங்கச்சி. ஆணி அடிச்ச பலகைய அவசரப்பட்டு இழுத்தா மூலை பொளந்துரும். நான் வந்து பக்குவமாக் கழட்டித் தாரேன்."

பதறாதே என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பதற்றமே ஆரம்பிக்கும். போனில் வீடியோ தேடினேன். ஆணியைப் பிடுங்கவே கூடாதாம். அதன் தலைமேல் கனமான இன்னொரு ஆணியை வைத்துத் தட்டி, பின்னாலிருக்கிற கட்டைக்குள் முழுசாக இறக்கிவிட்டால் பலகை தானாக விட்டுவிடுமாம். இம்புட்டுத்தானா, இதுக்கா மூணு நாளா தொங்கினோம் என்று சுத்தியலை எடுத்தேன்.

"ஆசாரி வரட்டுமே" என்றார் வீட்டுக்காரர்.

"அவரு வர்றதுக்குள்ள கடையோட சேத்துப் பலகையையும் இடிச்சுருவாங்க. பேசாம அடியப் பிடிங்க."

சொன்னால் நம்பமாட்டீர்கள், முதல் பலகை ஒரு கீறல் இல்லாமல் வந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. எனக்குத் தலைகால் புரியவில்லை. இனிமேல் ஜாக்கெட் எதற்கு, பலகை வேலைக்கே போய்விடலாம் என்று தோன்றியது.

நாலாவது பலகை செங்கல் சுவரில் இல்லை. ஓனர் ஒரு பெரிய கடையைக் குறுக்கே மரச்சட்டம் போட்டு இரண்டாக்கியிருந்தார். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் செல்வம் தம்பியின் சலூன். சட்டத்தில் என் பக்கம் எங்கண்ணன் பலகை. அவன் பக்கம் அவன் பலகை இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். (நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பீர்கள்.)

தட்டத் தட்ட அந்தப் பக்கம் ரேடியோவுக்கு நடுவே ஏதோ சத்தம்.

"செல்வம் கூப்பிடுற மாதிரி இருக்கே" என்றார் வீட்டுக்காரர்.

"பாட்டுக்குக் கூடப் பாடுறான். நல்லாப் பிடிங்க."

"இது என்ன இந்தக் கனம் கனக்குது?"

"ஒங்களுக்கு எதுதான் கனக்கல" என்று சொல்லி, ஒரே இழுப்பாக இழுத்தேன்.

பலகை வந்தது. அதன் முதுகில் செல்வம் கடையின் பெரிய கண்ணாடியும் சேர்ந்து வந்தது. பாவி, தன் பக்கம் பலகையே போடாமல், என் பலகையின் முதுகிலேயே பூப்போட்ட காகிதத்தை ஒட்டிக் கண்ணாடியைத் திருகி வைத்திருந்தான்.

சலூன் நாற்காலியில் ஒருவர் முகம் பூராவும் நுரையோடு உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணெதிரே அவர் முகம் குலுங்கி, பின்னால் நகர்ந்து, அடுத்த கடைக்குள் போய்விட்டது. அது இருந்த இடத்தில் சுத்தியலோடு நான் நின்றேன். செல்வம் கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டான்.

நுரைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "தங்கச்சி."

கணேசன் ஆசாரி.

"கந்தர்வக்கோட்டை வந்துருச்சாண்ணே?" என்றார் எங்கள் வீட்டுக்காரர். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் சட்டென்று பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

எனக்கு வந்த கோபத்தில் ஆசாரியைப் பார்த்துக் கையை நீட்டினேன். நீட்டியது பலகையைப் பிடித்திருந்த கை. வீட்டுக்காரர் பாய்ந்து கண்ணாடியைக் கட்டிக்கொண்டார், கண்ணாடி பிழைத்தது. பலகையின் மூலை தரையில் மோதி, ஆசாரி சொன்ன மாதிரியே பிளந்தது. நான் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன். "எங்கண்ணன் சாப்பிடாமப் போயிருவான்" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னேனாம்.

ஆசாரி முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு பக்கம் மழித்ததும் ஒரு பக்கம் மழிக்காததுமாக, மரச்சட்டத்துக்குள் புகுந்து இந்தப் பக்கம் வந்தார். அந்தக் கோலத்திலேயே சாயங்காலம் வரை இருந்து மூலையை ஒட்டவைத்தார். கண்ணாடியைக் கழற்றிச் செல்வத்திடம் கொடுத்தார். இத்தனை நாள் தொங்கிய துணிகள் மறைத்திருந்த, முன்பக்கம் வரை துளைத்த திருகு ஓட்டைகளை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

வெள்ளிக்கிழமை அண்ணன் பழத்தட்டோடு வந்தான். நேராகப் புதுக் கடைச் சுவரில் அடித்திருந்த நாலாவது பலகை முன்னால் போய் நின்றான். ஓட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டான். அடுப்பில் பால் பொங்கியதைக்கூட நான் பார்க்கவில்லை, அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர்தான் நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னார்.

"ஏத்தா, ஆசாரி வர்ற வரைக்கும் பொறுக்க முடியாதா ஒனக்கு?" என்றான் அண்ணன்.

"நீ சாப்பிடாமப் போயிருவேன்னுதாண்ணே" என்றேன்.

அவன் பழத்தட்டை என் கையில் கொடுத்தான். பிறகு, "எலையப் போடு" என்றான். ரெண்டு தடவை சாம்பார் வாங்கிச் சாப்பிட்டான். மறுநாள் அந்த ஓட்டைகளுக்கு அளவெடுத்து ஒரு பெரிய கண்ணாடி வாங்கி வந்து அவனே மாட்டினான். இப்போது என் கடையில் ஜாக்கெட் போட்டுப் பார்க்கிற பெண்கள் எல்லோரும் அதில்தான் முகம் பார்க்கிறார்கள்.

எங்கள் வீட்டில் யாராவது "பஸ்ஸுல இருக்கேன்" என்று போனில் சொன்னால், "அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் கழட்டிப் பாரு" என்பார் வீட்டுக்காரர். கணேசன் ஆசாரியும் இன்று வரை நான் கூப்பிட்டால் போனை எடுத்ததும், "தங்கச்சி, நெசமாவே பஸ்ஸுலதான் போறேன், இந்தா கண்டக்டர்கிட்டயே பேசு" என்று போனை அவர் கையில் கொடுத்துவிடுகிறார்.