அளவுக்கு மேல் குடிக்கிற வண்டி

சிடாம் கிரியைத் தாண்டி கோலா கெத்திலுக்குப் போகும் வழியில், செம்பனைத் தோட்டத்து ஏற்றத்தில், பரஞ்சோதியின் பிக்கப் மூன்று முறை இருமியது, ஒரு முறை கரும்புகை விட்டது, நின்றுவிட்டது. அந்த வாரத்தில் இது நான்காவது தடவை. வாரம் பிறந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

பின்னால் நூற்றிருபது பாக்கெட் தோசை மாவு. மனைவி வாசுகி விடியுமுன் எழுந்து அரைத்துக் கட்டியது. மேலே மலேசியாவின் கெடா மாநிலத்து வெயில். மாவும் வெயிலும் தனியாகச் சந்தித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பது தோசை சுடுகிற யாருக்கும் தெரியும்.

பரஞ்சோதி செய்ய வேண்டியதைச் செய்தார். கண்ணாடியை இறக்கினார். டேஷ்போர்டில் தொங்கிய புங்குஸ் டீயை எடுத்தார். பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ஓரத்தில் கயிறு போட்டுக் கட்டி, உறிஞ்சுகுழல் சொருகிய டீ. முதல் வாய் உள்ளே இறங்கும்போதே போன் அடித்தது.

"எங்க இருக்கீங்க?"

"வந்துக்கிட்டே இருக்கேன்லா."

"எஞ்சின் சத்தமே கேக்கல?"

"மெதுவா வரேன்."

"நின்னுடுச்சா?"

"நிக்கல வாசு. ஓய்வெடுக்குது."

பத்து நிமிடத்தில் டீ முடிந்தது. சாவியைத் திருகினார். பிக்கப் நல்ல பிள்ளையாகக் கிளம்பி, ஏற்றத்தைப் பாடிக்கொண்டே ஏறியது.

இந்த டீ ஓர் இரகசியம். மூன்று மாதத்துக்கு முன் கிளினிக்கில் சீனி ஏகத்துக்கும் ஏறியிருந்ததைப் பார்த்து டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அன்று மாலையே வாசுகி வீட்டுச் சீனி டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். அதுவரை சிடாம் கிரியில் யோகேஸ்வரியின் கடையில் காலை நீட்டி உட்கார்ந்து குடித்தவர், அதன்பிறகு புங்குஸ் கட்டிக்கொண்டு வண்டிக்குள் ஒளிந்து குடிக்கலானார். கடையில் உட்கார்ந்தால் யாராவது பார்ப்பார்கள். அவர் குவளையைக் கீழே வைக்குமுன் வீட்டுக்குச் செய்தி போய்விடும்.

யோகேஸ்வரியும் வாசுகியிடம் மாவு வாங்குகிறவள்தான். ஆனாலும் அடுப்பைத் தொட்டுச் சொல்லியிருந்தாள்: "என் வாயால வராதுண்ணே."

போன மாதப் பரிசோதனையில் சீனி நன்றாக இறங்கியிருந்தது. டாக்டர் வாசுகியைப் பாராட்டினார். தன் உடம்பு டீயில் ஊற்றுகிற இனிப்புக் கெட்டிப் பாலையே ஜெயிக்கிற ஜாதி என்று பரஞ்சோதி தனக்குள் பூரித்துப்போனார்.

வண்டியை சுங்கை லாலாங்கிலுள்ள காளிதாசனின் பட்டறைக்குக் கொண்டுபோனார். காளிதாசன் நல்ல மெக்கானிக். ஒரே குறை, அவன் வாசுகியின் கூடப்பிறந்த தம்பி.

"எப்ப ஆரம்பிச்சுது மச்சான்?"

'உங்கக்கா சீனி டப்பாவைக் கவுத்த அன்னைக்கு' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "மூணு மாசம் இருக்கும்," என்றார்.

"எங்க நிக்குது?"

"சிடாம் கிரி தாண்டினா."

"நின்னா என்ன செய்வீங்க?"

"ஒண்ணும் செய்ய மாட்டேன்லா. பத்து நிமிஷம் சும்மா உக்காந்திருப்பேன். அதுவா சரியாயிடும்."

"சும்மாவா?"

"செம்பனை மரத்தைப் பாப்பேன்."

பத்து நிமிடம் ஆறினால் சரியாகிறது என்றால் சூடுதான் காரணம் என்று காளிதாசன் முடிவுகட்டினான். ரேடியேட்டர் தண்ணீரை மாற்றி, பெட்ரோல் ஃபில்டரையும் புதிதாகப் போட்டான். அன்று வண்டி சரியாகிவிட்ட சந்தோஷத்தில் பரஞ்சோதி பெரிய பையில் டீ வாங்கினார். கிளம்பிய இரண்டாவது கிலோமீட்டரில் நின்றது.

அடுத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினான். நான்கும் அடுப்புக்கரி.

"மச்சான், உங்க வண்டி அளவுக்கு மேல குடிக்குது. திருட்டுத்தனமா குடிக்குது. நம்ம முன்னால வெச்சுப் பாத்தா ஒழுங்கா இருக்கு, தனியா விட்டா ஆரம்பிச்சுடுது."

பரஞ்சோதிக்கு வியர்த்தது. "வண்டியைத்தானே சொல்ற?"

"வேற யாரை?"

கார்புரேட்டரை அக்கக்காகப் பிரித்துக் கழுவினான். கண்ணில் பட்ட கம்பி, கேபிள், ஆணி எல்லாவற்றுக்கும் எண்ணெய் விட்டான். "இனிமே எல்லாம் வழுக்கிட்டு ஓடும்," என்றான்.

வழுக்கிக்கொண்டுதான் ஓடியது. பரஞ்சோதி இரண்டு பை டீ வாங்கினார், ஒன்று போக, ஒன்று வர. இந்த முறை ஏற்றம் வரைகூடப் போகவில்லை. கடையை விட்டு இருநூறு அடியில், பாலத்து நடுவில் நின்றது. பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் வரிசை கட்டின. ஒரு லாரிக்காரர் இறங்கி வந்து, "அங்கிள், ரோசாக்கா, வண்டி கெட்டுப்போச்சா?" என்றார்.

"இல்ல, ஓய்வு," என்றார் பரஞ்சோதி, பழக்கதோஷத்தில்.

அப்போது பின்னால் பட்டென்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. மாவுப் பாக்கெட்டுகள் பொங்கி வெடிக்க ஆரம்பித்திருந்தன. பிக்கப்பின் பின்கதவு வழியாக வெள்ளை வெளேரென்று மாவு பாலத்தில் வழிந்தது. லாரிக்காரர் மரியாதையாக இரண்டடி பின்வாங்கினார்.

மறுநாள் வாசுகியே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அவளை வைத்துக்கொண்டு யோகேஸ்வரியிடம் டீ கட்டச் சொல்ல முடியுமா? மாவை இறக்கி வைத்துவிட்டு, யோகேஸ்வரியின் முகத்தைப் பார்க்காமலே வண்டியை எடுத்தார். பிக்கப் கோலா கெத்தில் வரை போய், திரும்பி வந்து, ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

இறங்கும்போது வாசுகி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நான் வந்தா ஓடுது. நீங்க தனியா போனா, அதே எடத்துல, பத்து நிமிஷம் நிக்குது."

"வண்டிக்கு உம்மேல பயம்லா."

"எனக்கு உங்க மேலதான் பயம். வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலன்னா சனிக்கிழமை சிவநேசண்ணன் வந்து தூக்கிட்டுப் போகட்டும். ஒரு சின்ன வேன் பாப்போம்."

சிவநேசன் பழைய இரும்பு எடுப்பவர். அவர் தூக்கிக்கொண்டு போன வண்டி மறுபடி ரோட்டில் ஓடியதாகச் சரித்திரம் இல்லை.

பரஞ்சோதிக்கு இரவு சோறு இறங்கவில்லை. முப்பத்தொரு வயது வண்டி. மகள் ரூபினி பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தது இதில்தான். குலுங்கக் கூடாது என்று இருபது கிலோமீட்டர் வேகத்திலேயே ஓட்டிவந்து, முன்சீட்டில் குழந்தையும் கையுமாக உட்கார்ந்திருந்த வாசுகியிடம், "நடந்தே போயிருக்கலாம்," என்று திட்டு வாங்கியதும் இதில்தான்.

வெள்ளிக்கிழமை. கடைசி ஓட்டம், கடைசி டீ. பையை வழக்கம்போல டேஷ்போர்டுக் குமிழில் மாட்டிவிட்டுக் கிளம்பினார். ஏற்றம் வந்தது. வண்டி இரும ஆரம்பித்தது.

"போடி," என்றார் துக்கத்தோடு. இந்த முறை நிற்கும்வரை காத்திருக்காமல், ஓட்டிக்கொண்டே டீயை எடுத்தார்.

எஞ்சின் உறுமிக்கொண்டு பாய்ந்தது.

பரஞ்சோதி டீயைப் பார்த்தார். மறுபடி மாட்டினார். இருமல். எடுத்தார். பாய்ச்சல். ஓரமாக நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டுக் குமிழை உற்றுப் பார்த்தார். சோக்கு! குளிர்ந்த எஞ்சினைக் காலையில் எழுப்புவதற்கு இழுக்கிற சோக்கு. இந்த ஊர் வெயிலில் அதற்கு என்ன வேலை? இருபது வருடமாக அது அவருக்கு வெறும் கொக்கி. பிடி தளர்ந்து தொங்கிய குமிழை டீயின் பாரம் இழுக்க, எஞ்சினுக்குள் பெட்ரோல் கொட்டியிருக்கிறது. டீயை எடுத்ததும் குமிழ் தானே உள்ளே போயிருக்கிறது.

தன்னந்தனியாகச் சிரித்தார். பாதிச் சிரிப்பில் நின்றார். வண்டி பிழைக்க வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் அவர் பிழைக்க முடியாது.

சனிக்கிழமை காலை. வாசலில் சிவநேசனின் லாரி நின்றது. காளிதாசன் துக்க வீட்டுக்கு வந்தவன் போலக் கைகட்டி நின்றான். மாவு வாங்க மோட்டார் சைக்கிளில் வந்த யோகேஸ்வரி கேட்டருகில் காத்திருந்தாள். வாசுகி சாவியை சிவநேசனிடம் கொடுத்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் பிக்கப்பின் கதவை ஒரு முறை தடவினாள்.

அதைப் பரஞ்சோதி பார்த்துவிட்டார்.

"நில்லுங்க! வண்டி ரோசாக் இல்ல!"

ஓடிப்போய் ஒரு மாவுப் பாக்கெட்டை எடுத்துவந்தார். சிவநேசனிடம் சாவியைக் கெஞ்சி வாங்கி எஞ்சினை எழுப்பினார். பாக்கெட்டைக் கயிற்றில் கட்டிக் குமிழில் மாட்டினார். புகை, இருமல். எடுத்தார். சீரான ஓட்டம்.

"அலாமா! சோக்கு!" காளிதாசன் தலையில் அடித்துக்கொண்டான். "நான் வேற எண்ணெய் விட்டேனே!"

"மாவுப் பாக்கெட்டையா தினமும் மாட்டிட்டுப் போனீங்க?" என்றாள் வாசுகி.

"ஆமா," என்றார் பரஞ்சோதி. இதைவிட நல்ல பொய் அவர் வாழ்க்கையில் அமைந்ததில்லை.

காளிதாசன் நெற்றியைச் சுருக்கினான். "அப்ப பத்து நிமிஷத்துல எப்படி மச்சான் சரியாச்சு? மாவையா குடிச்சீங்க?"

பரஞ்சோதி பிக்கப்பைப் பார்த்தார். பிறகு வாசுகியைப் பார்த்தார்.

"டீ," என்றார். "புங்குஸ் டீ. மூணு மாசமா. இனிப்பு தூக்கலா. வண்டி மேல தப்பே இல்ல வாசு, எல்லாம் நான்தான். என்னை என்ன வேணா செய், அதை அனுப்பாதே."

சிவநேசன் மெதுவாகத் தன் லாரிப் பக்கம் நகர்ந்தார். வாசுகி கை நீட்டி எஞ்சினை அணைத்துச் சாவியை உருவினாள். தாலிக்கயிற்றில் குத்தியிருந்த ஊக்கில் அதைக் கோத்துக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பரஞ்சோதி ஓரடி முன்னால் வந்தார்.

கேட்டருகில் நின்ற யோகேஸ்வரிக்கு அதற்குமேல் பொறுமையில்லை.

"எல்லாந்தான் வெளிய வந்துடுச்சே, இனிமே மறைச்சு என்னக்கா? அண்ணன் டீயில கெட்டிப் பாலுக்குப் பதிலாப் போடச் சொல்லி நீங்க குடுத்து வெச்ச இனிப்பு மாத்திரை டப்பா நேத்தோட காலி, புதுசு ஒண்ணு குடுத்துவிடுங்க."