செம்மண்டலத்தில் அலுமினியக் காலம்

கற்காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம் என்று மனித வரலாற்றைப் பிரித்து எழுதியவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள். பொறுத்திருந்தால், கடலூர் செம்மண்டலத்தில் ஆரோக்கியராஜ் வீட்டுப் போர்ட்டிகோவில் அலுமினியக் காலம் பிறந்ததையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

ஆரோக்கியராஜ் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி. தூசியால் நுரையீரல் என்ன பாடுபடும் என்று தொழிலாளர்களுக்குப் படம் போட்டு விளக்குவது அவர் உத்தியோகம். மாஸ்க் போடாதவனைக் கேட்டுக்குள் விடமாட்டார். அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தார். அதில் ஒரு வெள்ளைக்காரர் அழுக்குப் பிடித்த மோட்டார் சைக்கிள் சக்கரத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி ஆக்கிக்கொண்டிருந்தார். ஆரோக்கியராஜ் தன் பழைய பைக்கைப் பார்த்தார். பைக்கும் அவரைப் பார்த்தது. "புனரமைப்பு" தொடங்கிவிட்டது.

அலாய் சக்கரங்கள் கழன்றன. எஞ்சின் மூடிகள் கழன்றன. முதலில் முரட்டு உப்புத்தாள், பிறகு நைஸ் தாள், அப்புறம் டிரில் மெஷினில் பஃபிங் சக்கரத்தை மாட்டி, மெழுகுக் கட்டியைத் தடவி ஒரே அழுத்து. வீடு அதிரும். கறுப்பாக ஒரு பொடி கிளம்பி, கொடியில் காயும் துணி, ஜன்னல் கம்பி, மாதா படம் என்று பாரபட்சமில்லாமல் படியும். ஆரோக்கியராஜ் கம்பெனி மாஸ்க்கைப் போட்டுக்கொண்டார். கண்ணுக்குக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டார். தன்னுடைய பாதுகாப்பு விஷயத்தில் அவர் எந்தச் சமரசமும் செய்துகொள்வதில்லை.

போர்ட்டிகோவை ஒட்டிய அறையில் அவருடைய அப்பா சவரிராயன் இருந்தார். ரிட்டையர்டு போஸ்ட்மாஸ்டர். ஏற்கெனவே வீசிங் உள்ளவர்.

"ராஜு, மூச்சு இழுக்குதுடா."

"அது பழைய இருமல்பா."

"இருமல் பழசுதான். தூசு புதுசுடா."

மனைவி ஜெனித்தும் ஒரு மனு கொடுத்தாள். "என்னங்க, மாமா ரூம் செவுரே கறுத்துப் போச்சு. இத மொட்ட மாடிக்குத் தூக்கிட்டுப் போங்களேன்."

மனு பரிசீலிக்கப்பட்டது. "மாடியில வெயில் ஜாஸ்தி. மனுஷன் நிக்க முடியாது" என்று தள்ளுபடியும் செய்யப்பட்டது. ஆனாலும் ஆரோக்கியராஜ் கல்நெஞ்சர் அல்ல. மெருகேறிய சக்கரத்தில் தூசி உட்காரக் கூடாதே என்ற கவலையில், அப்பாவின் டேபிள் ஃபேனைப் போர்ட்டிகோவுக்கு மாற்றினார். ஃபேன் தன் கடமையைச் செய்தது. சக்கரத்தில் இருந்த தூசியை விரட்டி, ஜன்னல் வழியாகச் சவரிராயனிடம் பத்திரமாக ஒப்படைத்தது.

சிதம்பரத்தில் இளவரசு என்று ஆரோக்கியராஜுக்கு ஒரு நண்பர். தன் கார் ஷெட்டில் "நடுநாட்டு அலுமினிய மெருகாளர் பேரவை"யை நிறுவி, ஏகமனதாகத் தன்னையே தலைவராகத் தேர்ந்தெடுத்துக்கொண்டவர். அவர் போன் செய்தார்.

"மச்சான், ஞாயித்துக்கெழம இங்க கண்காட்சி. பைக்க ஓட்டிக்கிட்டு வந்துடாத."

"பின்ன?"

"ரோட்டுத் தூசு படும் இல்ல? ஓடுற வண்டிக்கு நம்ம பேரவையில எடமே கெடையாது."

கொள்கை என்றால் இதுவல்லவா கொள்கை!

ஞாயிறு காலை வாசலில் ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. பைக்குக்கு இரண்டு கம்பளிப் போர்வை சுற்றி, பின்னால் ஏற்றிக் கயிறு கட்டி முடிக்கும் நேரத்தில், உள்ளேயிருந்து ஜெனித் ஓடி வந்தாள்.

"என்னங்க, மாமாவுக்கு மூச்சே வரல! ஒரு ஆட்டோவும் கெடைக்கல. பைக்க எறக்குங்க, இந்த வண்டியிலயே படுக்க வச்சு ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"எறக்கினா கீறல் விழுமே ஜெனித்."

ஜெனித் அவரை ஒரு பார்வை பார்த்தாள். டிரைவரும் அவளுமாகச் சவரிராயனைத் தூக்கி முன்சீட்டில் உட்கார வைத்தார்கள். ஆரோக்கியராஜ் பின்னால் ஏறிப் பைக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். இவ்வாறாக, ஒரு மோட்டார் சைக்கிள் போர்வை போர்த்திக்கொண்டு அவசர சிகிச்சைக்குப் போய்ச் சேர்ந்தது.

டாக்டர் ஆக்ஸிஜன் வைத்தார். மூக்கைத் துடைத்த பஞ்சு கறுப்பாக வந்தது.

"பெரியவரு கரி மூட்டை தூக்குற வேலை பாத்தாரா?"

"போஸ்ட்மாஸ்டரா இருந்தாருங்க" என்றாள் ஜெனித்.

"சார் என்ன பண்றீங்க?"

"சேஃப்டி ஆபீசர்" என்றார் ஆரோக்கியராஜ்.

டாக்டர் பஞ்சை அவர் பக்கமாக நீட்டிக் காட்டினார். "தூசு இல்லாத எடமாப் பாத்து இவர வச்சுக்குங்க. இன்னொரு தடவ இப்பிடி வந்தா நான் உத்தரவாதம் தரமாட்டேன்."

ஆரோக்கியராஜுக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு வெளியே பார்த்தால், குட்டியானை வெயிலில் நிற்கிறது.

"ஜெனித், நீ இங்க இருக்க இல்ல? நான் பேர் குடுத்துட்டேன், போய்ட்டு வந்துடறேன்."

சிதம்பரத்தில் அவருக்கே முதல் பரிசு. "இந்தப் பளபளப்புக்குப் பின்னால யாரோட தியாகம் இருக்கு?" என்று இளவரசு மைக்கை நீட்டினார்.

"எங்கப்பா" என்றார் ஆரோக்கியராஜ், குரல் தழுதழுக்க. "மூச்ச அடக்கிக்கிட்டு ஒத்துழச்சாரு." கூட்டமே கைதட்டியது.

சில நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது கட்டில் காலியாக இருந்தது. பதறிப்போய் ஜெனித்துக்குப் போன் போட்டார்.

"டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க. மாமாவ உங்க தங்கச்சி ரேகா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். நானும் இங்கதான் இருக்கப் போறேன்."

"கம்மாபுரத்துக்கா? சுரங்கத்துப் பக்கம், நாளெல்லாம் லாரி ஓடுற ஊரு. தூசு இல்லாத எடம்னு இல்ல டாக்டர் சொன்னாரு?"

"ஆமா. அதான் இங்க வந்தோம்."

சவரிராயன் இப்போது கம்மாபுரத்தில் காலையும் மாலையும் நடக்கிறார். நெஞ்சு நிறைய மூச்சு விடுகிறார். நல்ல காற்று வாங்க ஒரு மனிதர் நிலக்கரிச் சுரங்கத்தின் ஓரத்துக்குக் குடிபோக நேர்ந்தது என்றால், அந்தப் பெருமை முழுவதும் அவர் பெற்ற பிள்ளையையே சேரும்.