முதல் மேசைக்குப் பன்னிரண்டு கிண்ணம்

தைனான்,
ஞாயிறு.

மரியாதைக்குரிய அத்தானுக்கு யென்-திங் வணக்கத்துடன் எழுதுவது. அக்காவும் பிள்ளைகளும் உங்கள் ஆமையும் சுகம் என்று நம்புகிறேன். நான் சுகமில்லை, காரணம் நீங்கள்.

நீங்கள் எழுதிய கோடு லைப்ரரியை லினக்ஸில் எத்தனையோ புரோகிராம்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. அதைப் பேக்கேஜாகக் கட்டி எல்லோருக்கும் அனுப்பும் சம்பளமில்லாத உத்தியோகம் என்னுடையது. பேக்கேஜின் பெயரிலேயே லைப்ரரியின் பதிப்பு எண்ணை ஒட்டுவது எங்கள் வழக்கம். எண் மாறினால் பழையதும் புதியதும் ஒரே கணினியில் சண்டையில்லாமல் குடியிருக்கும், பழைய புரோகிராம் பழையதையே தேடிப் போகும். நீங்களோ உள்ளே எல்லாவற்றையும் புரட்டிவிட்டு வாசலில் மூன்று என்ற அதே பழைய எண்ணை விட்டுவைத்தீர்கள். நானும் நம்பிப் பழைய மூன்றை எடுத்துவிட்டுப் புதிய மூன்றைக் குடிவைத்தேன். பிறகு போன் போட்டுக் கேட்டால், "அடுத்தது நாலுடா, நம்ம பாஷையில சொன்னாலே சாவுன்னு கேக்குற எண்ணு. அதை எவன் வைப்பான்? ஊர்ல எல்லாரும் வைக்கிற மாதிரி மெஷின் மேல பச்சைப் பாக்கெட் பொரி ஒண்ணு வை, சமத்தா ஓடும்" என்றீர்கள். படித்தவர் பேசுகிற பேச்சா இது?

பொரி வைத்தேன் அத்தான். ஓடியது, தலைகீழாக. பெய்-யூவின் அம்மா நடத்தும் மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடையில், வருங்கால மாப்பிள்ளை என்ற மிதப்பில் ஆர்டர் மெஷினை அமைத்துக் கொடுத்தவன் நான்தானே. உங்கள் பழைய மூன்றில் மேசை எண் முதலில், கிண்ணக் கணக்கு பிறகு. புதிய மூன்றில் இடம் மாறிவிட்டது. இன்று மதியம் பன்னிரண்டாம் மேசை ஒரு கிண்ணம் கேட்டது, முதல் மேசைக்குப் பன்னிரண்டு கிண்ணம் போயிற்று. அங்கே தனியாக உட்கார்ந்திருந்தவர், எனக்குப் பெண் கொடுக்கலாமா என்று முடிவு சொல்ல காவ்சியுங்கிலிருந்து வந்த பெய்-யூவின் பெரியப்பா. "கல்யாணத்துக்கு முன்னாடியே கடையை மூட வச்சிருவ போலிருக்கே தம்பி" என்றார் அவள் அம்மா. நான் பின்வாசல் வழியாக வந்துவிட்டேன்.

அந்தக் கடையிலும் நான்காம் மேசை கிடையாது, மூன்றுக்கு அடுத்தது ஐந்து. அதற்காக ஐந்தாம் மேசையை மூன்று என்று யாராவது கூப்பிடுகிறார்களா? தாண்டிப் போங்கள், யார் வேண்டாமென்றது? கடிதம் கண்டதும் ஐந்து என்று மாற்றாவிட்டால் உங்கள் லைப்ரரியைத் தூக்கிவிடுவேன், அக்கா அழுதாலும் சரி.

நீங்களும் ஆமையும் சம ஆயுளுடன் வாழ வேண்டும்,
மைத்துனன் யென்-திங்

பி.கு.: உறையை ஒட்டும்போது பெய்-யூ போன் செய்தாள். பெரியப்பா பன்னிரண்டு கிண்ணத்தையும் நான் வைத்த விருந்தென்று நினைத்துக் கடை முழுக்கப் பங்கிட்டுவிட்டு, "தாராளக் கைக்காரப் பையன், பேசி முடிச்சிருங்க" என்றாராம். இந்த வாரம் முழுக்கச் சாப்பிட வருகிறார், மூன்றில் கை வைக்காதீர்கள். பஞ்சாங்கத்தில் கல்யாணத்துக்கு நான்காம் தேதிதான் நல்ல நாளாம். நான் ஐந்து என்று சொல்லிவிட்டேன்.