காகிதச் சர்க்கரை

"சர்க்கரை எங்கே மிஸ்டர் வில்பிரட்?"

"வரும் சார்."

"எங்க ரேஷன் கடைக்காரனும் அதைத்தான் சொல்றான். திங்கட்கிழமைக்குள்ள ஒரு ஸ்பூனாவது காட்டுங்க. இல்லேன்னா இந்த ரூம் சைக்கிள் ஸ்டாண்டு."

வேதியியல் துறைத் தலைவர் ஜீவரத்தினம் போய்விட்டார். விரிவுரையாளர் வில்பிரட் தன் ஆராய்ச்சி அறையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

அவர் கனவு எளிமையானது. செடிகொடிகளின் உடம்பெல்லாம் செல்லுலோஸ், உடைத்தால் சர்க்கரை. உடைப்பதற்கு, அமிலம் ஏற்றிய கரித்தூள். அந்தத் திட வினையூக்கி மற்றவர்களை வேலை செய்ய வைக்கும். தான் மட்டும் தேயாது. துறைத் தலைவரைத் தினமும் பார்க்கும் மாணவர்களுக்கு இதை விளக்கத் தேவையே இருக்கவில்லை.

வைக்கோலைப் போட்டு மூடி, சூடேற்றினார். தார் வந்தது.

இரும்புலியூர் வீட்டுத் தலையணையைக் கிழித்துப் பஞ்சைப் போட்டார். ஈரப் பஞ்சு வந்தது.

"மெத்தையும் இருக்குது. அதையும் வேக வெச்சிடுங்க" என்றாள் மனைவி ரத்தினபாய்.

கடைசியில் அட்டெண்டர் தேவானந்தத்தைக் கூப்பிட்டார். "காகிதமும் செல்லுலோஸ்தான். எழுதின பேப்பர் எது கிடைச்சாலும் கிழிச்சுப் போடு."

திங்கட்கிழமை, நீலம் பாரித்த பாகு வந்தது. சர்க்கரையைக் கண்டுபிடிக்கும் கரைசலில் விட்டதும் சோதனைக் குழாயில் செங்கல் நிறம். சர்க்கரையேதான்!

ஜீவரத்தினம் நுனி நாக்கில் வைத்துப் பார்த்தார். "இனிக்குதே! ரூம் உங்களுக்குத்தான். அப்படியே டெர்ம் டெஸ்ட் மார்க்கை நாளைக்குப் போர்டுல ஒட்டிடுங்க."

வில்பிரட் மேசையைப் பார்த்தார். இன்னும் திருத்தாத விடைத்தாள் கட்டு இல்லை.

"தேவானந்தம், மேசை மேல இருந்த பேப்பர்?"

"இன்னா சார், நீதானே எழுதின பேப்பரு எதுனாலும்னு சொன்னே? மையி கொஞ்சம் கலந்துகீது. மத்தபடி நல்ல பாகு சார்."

உண்மையைச் சொன்னால் அறை போகும், வேலையும் போகும். வகுப்பின் பெயர்ப் பட்டியலை விரித்து, முகங்களை நினைத்து நினைத்து மார்க் போட்டார். வகுப்பில் தும்மியவனுக்கு நாற்பது. முதல் வரிசைக்காரனுக்கு அறுபது. சுந்தர்சிங் என்ற பெயருக்கு எந்த முகமும் நினைவுக்கு வரவில்லை. இவ்வளவு அமைதியானவன் படிப்பாளியாகத்தான் இருக்க வேண்டும். தொண்ணூற்றிரண்டு.

மறுநாள் ஒரே பாராட்டு. ஒருவனும் தோற்கவில்லை. ஜீவரத்தினம் கைகுலுக்கிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஒல்லியாக ஒருவன் வந்து நின்றான்.

"சார், நான் சுந்தர்சிங். டெஸ்ட் அன்னைக்குக் கூடுவாஞ்சேரியில அக்கா கல்யாணத்துல சாம்பார் ஊத்திக்கிட்டு இருந்தேன். போர்டுல நான்தான் ஃபர்ஸ்டாம். அப்படி என்னதான் எழுதினேன்னு, அந்தப் பேப்பரை ஒரு தடவை காட்டுறீங்களா சார்?"