ஆறு மணி நடுக்கம்

“முழுப் பொறுப்பும் என்னோடது!”

நெஞ்சில் கை வைத்துக் கடிகாரக்காரர் இப்படி முழங்கியபோது, அந்த வீட்டில் இருந்த மூன்று உயிர்களில் ஒன்றுகூட அதை நம்பவில்லை. ஒன்று, அவர் மனைவி. இரண்டு, கூண்டுக்குள்ளிருந்து காதை விடைத்துக்கொண்டு பார்த்த சின்சில்லா. மூன்றாவது, முழங்கியவரேதான்.

சின்சில்லாவைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அணிலுக்கு வசதியான இடத்தில் வாழ்க்கைப்பட்ட ஒரு பெரியம்மா இருந்தால் எப்படி இருப்பாளோ, அப்படி இருக்கும். உருண்டை உடம்பு, முயலிடம் இரவல் வாங்கிய காது, சாம்பல் நிறச் சால்வையைப் போர்த்தியது போல ரோமம். கடிகாரக் கடை முதலாளியின் மகள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும்போது, “இதை யார் வளர்க்கிறீங்க?” என்று கூண்டோடு வந்து நின்றாள். கடையில் இருந்த மற்ற நாலு பேரும் சட்டென்று கடிகாரத்துக்குள் கண்ணை நுழைத்துக்கொண்டார்கள். நம்மவர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வீரம் என்று நாம் புகழ்வதில் பாதி, சரியான நேரத்தில் குனிய மறந்து போவதுதான்.

பஞ்சு என்று பெயர் வைத்தார். அதற்குப் பிறகு மூன்று மாதம் அந்த முழுப் பொறுப்பை எப்படி நிறைவேற்றினார் என்கிறீர்கள்? வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்கம் சொன்னார். “இது தண்ணியில குளிக்காது சார், தூசியிலதான் குளிக்கும்! சூடு ஆகாது, ஏசி வேணும்!” கூண்டைத் துடைத்தது, புல் வைத்தது, குளிக்கிற தூசியை மாற்றியது, அந்தக் குளியலுக்குப் பிறகு அறையைப் பெருக்கியது எல்லாம் மனைவி. விளக்கம் அவருடையது, விளக்குமாறு அவளுடையது. இதை நியாயம் என்று வாதாட யாராவது இருந்தால் வரட்டும், நான் தயார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பஞ்சு தும்மியது. ஒரு தும்மல் இல்லை, ஒன்பது. மூக்கு ஒழுகியது. கண்ணோரம் ஈரம். காதை வைத்துக் கேட்டால் உள்ளே யாரோ பழைய கதவைத் திறந்து மூடுகிற மாதிரி ‘கீச், கீச்’. கடிகாரக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. அதை மட்டும் அவருக்கு வரவு வைக்கிறேன். சட்டையை உள்புறம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு கூண்டைத் தூக்கியவர், செருப்பு போட மறந்து மிருக வைத்தியசாலை வரை ஓடினார்.

டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை எடுத்துவிட்டுச் சொன்னார்: “மூச்சுக்குழாயில தொற்று. நல்ல வேளை, சீக்கிரமே கொண்டு வந்தீங்க. பதினாலு நாள் மருந்து. காலையில ஆறு, சாயங்காலம் ஆறு. கால் மணி நேரம் முன்னப்பின்ன ஆகலாம், அதுக்கு மேல கூடாது. ஊசியில்லாத சிரிஞ்ச்ல அரை மில்லி. கடவாய் ஓரமா, சொட்டுச் சொட்டா விடணும். அவசரப்பட்டா நுரையீரலுக்குப் போயிடும். அப்புறம் இருபது நிமிஷம் ஆவி மெஷின். அப்புறம் புல் மாவைக் கரைச்சு ஊட்டணும். எடை பாத்து எழுதணும். குணமாகற வரைக்கும் தூசிக் குளியல் கிடையாது. யார் பாத்துக்கப் போறீங்க?”

“முழுப் பொறுப்பும் இவரோடதுதான் டாக்டர்,” என்றாள் மனைவி.

அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவள். பகல் ஒன்றிலிருந்து இரவு ஒன்பது வரை வேலை. அவருக்குக் கடை ஐந்து மணிக்கு மூடிவிடும். ஆகவே காலை முறை அவள், மாலை முறை அவர். குழந்தைகூடப் போடுகிற கணக்கு. கடிகாரக்காரரும் தலையாட்டிவிட்டார். பாதி வழி வந்த பிறகுதான் ‘சாயங்காலம் ஆறு’ என்பது அவர் மண்டைக்குள் மணி அடித்தது.

ஆறு மணிக்குத்தானே கேரம்!

அடுக்ககத்தின் தரைத்தளத்தில், கார் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் கேரம் மன்றம். நாலு கட்டடத்துக்கும் நடக்கும் வருடாந்தரப் போட்டியில் இவர்களுடைய அணி மூன்று வருடமாக அரையிறுதியில் மண்ணைக் கவ்வியது. இந்த வருடம், முதல் முறையாக, இறுதி ஆட்டம்! வருகிற சனிக்கிழமை, மாலை ஆறு! அதுவரை தினமும் ஆறு மணிக்குப் பயிற்சி! சிவப்புக் காயைப் போட்டு, அதைக் காப்பாற்ற அடுத்த அடியிலேயே ‘ஃபாலோ’ காயும் போடக்கூடிய கை அணியில் ஒன்றே ஒன்றுதான். பதினெட்டு வருடம் கடுகை விடச் சின்ன திருகாணியை இடுக்கியால் பிடித்துப் பழகிய கை. அது யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா?

“ஒரு வாரம் நீ பாத்துக்கயேன், எனக்குப் போட்டி இருக்கு,” என்று வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன? அவள் யோசித்திருப்பாள், பேசியிருப்பாள், ஏதாவது வழி பிறந்திருக்கும். ஆனால் கேட்பதற்குச் சம அந்தஸ்து வேண்டும். நம்மவர் கையில் அதை விடச் சுலபமான, காலங்காலமாகப் புருஷர்களுக்குக் கைகொடுத்த ஆயுதம் இருந்தது. தெரியாத மாதிரி இருப்பது!

ஏற்கெனவே பலன் கண்டவர்தான். ஒரு தடவை இஸ்திரி போட்டுச் சட்டை முதுகில் ஜன்னல் வைத்தார். அன்றிலிருந்து இஸ்திரியிலிருந்து விடுதலை. ஒரு தடவை துணி துவைத்து, வீட்டிலிருந்த வெள்ளை அத்தனையையும் ரோஜா நிறமாக்கினார். துவைப்பதிலிருந்தும் விடுதலை. ஒரு வேலையை ஒரே ஒரு தடவை உருப்படாமல் செய்தால் ஆயுள் முழுக்க ஓய்வு. எந்த அலுவலகத்தில் இந்தச் சலுகை உண்டு?

திங்கட்கிழமை அவளுக்கு விடுப்பு. சொல்லிக் கொடுப்பதற்காகப் பக்கத்தில் உட்கார்ந்தாள். துண்டில் சுற்றிய பஞ்சு மடியில். சிரிஞ்சை எடுத்தார். எடுத்ததும் வலது கை ஆட ஆரம்பித்தது. முதலில் விரல், அப்புறம் மணிக்கட்டு, அப்புறம் முழங்கை. சிரிஞ்ச் ஈ பிடிப்பது போல் அலைந்தது. அரை மில்லியில் கால் மில்லி அவள் மூக்குக்கண்ணாடியில், கால் மில்லி அவர் மீசையில். பஞ்சு துள்ளியது. கெட்டியாகப் பிடித்ததில் ஒரு கொத்து ரோமம் அவர் கையோடு வந்தது.

“ஐயோ, என்னங்க இது!”

“தெரியலம்மா… சின்ன உயிர்னு நினைச்சாலே கை ஆடுது.”

“கடையில ஆடலையா?”

“அது இரும்பு. இது உயிராச்சே!” என்று தொண்டை கமறச் சொன்னார். மீசையில் இருந்த மருந்து கசந்ததால் கமறல் இயல்பாகவே வந்தது.

அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். புதிதாக அரை மில்லி எடுத்து, பஞ்சுவின் கடவாய் ஓரம் சொட்டுச் சொட்டாக விட்டாள். “விடுங்க. நான் பெர்மிஷன் கேட்டு சாயங்காலம் வந்து குடுத்துட்டுப் போறேன்.”

வெற்றி!

செவ்வாய், புதன், வியாழன். தினமும் ஐந்தேகால் மணிக்கு அவள் பஸ் பிடித்து, வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் மூச்சிரைக்க மாடி ஏறி வருவாள். மருந்து, ஆவி, புல் மாவு, எடை. ஏழேகாலுக்குத் திரும்ப பஸ். அதே மாடிப்படியில் அவர் கேரம் பவுடர் டப்பாவும் கையுமாக, சீட்டியடித்துக்கொண்டு கீழே இறங்குவார். வழியில் அவளைப் பார்த்தால் மட்டும் சீட்டி நிற்கும், வலது கை ஆடும்.

வியாழக்கிழமை அவள் படியிலேயே நின்றாள். “இன்னிக்கு எப்படி இருக்கு கை?”

“பாரேன், நீயே பாரு!” கையை நீட்டி அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். கை பிரமாதமாக ஆடியது. அவருக்கே பெருமையாக இருந்தது.

அவள் பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தாள். “பாவம்,” என்றாள். “சரி, போயிட்டு வாங்க.”

ஒரு நாளைக்கு நாற்பது பேர் கையைத் தொட்டு நரம்பு தேடுகிறவளிடம் போய்க் கையை நீட்டலாமா, மனுஷா? நிஜமாகவே நடுங்குகிற கையை யாரும் நீட்டிக் காட்ட மாட்டார்கள். மடியில் வைத்து அழுத்திக்கொள்வார்கள், சட்டைப் பைக்குள் ஒளிப்பார்கள். அவள் பார்த்த நடுக்கங்களிலேயே இவ்வளவு சந்தோஷமான நடுக்கம் இது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தே முக்கால். பஞ்சுவின் மூச்சில் கீச்சொலி குறைந்திருந்தது. எடை பன்னிரண்டு கிராம் ஏறியிருந்தது. கடிகாரக்காரர் பவுடர் டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார். மனைவி துண்டை விரித்துக்கொண்டிருந்தாள். கதவு தட்டப்பட்டது. கேரம் அணியின் கேப்டன்! பகலில் மூக்குக்கண்ணாடி விற்பவர், மாலையில் உலகத்தையே காயாகப் பார்ப்பவர். கையில் ஒரு பை ஆப்பிள்.

“மாப்ளே! நிக்காதீங்க, உக்காருங்க!”

“நான் எதுக்கு உக்காரணும்? பேஷன்ட் கூண்டுல இருக்கு.”

“தங்கச்சி எல்லாத்தையும் போன்ல சொல்லிட்டாங்க. எங்ககிட்ட மறைச்சிட்டீங்களே மாப்ளே! அணிக்காகக் கஷ்டத்தை வெளிய சொல்லாம…” கேப்டனுக்குக் கண் கலங்கிவிட்டது. “செவ்வாய்க்கிழமை சிவப்பைப் போட்டுட்டு ஃபாலோவை விட்டீங்க. புதன்கிழமை ஸ்ட்ரைக்கரே உள்ள போச்சு. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். உங்களைத் திட்டினேனே, பாவி!”

“யோவ், அது சும்மா தவறிப் போச்சுய்யா!”

“நடுங்கினா தவறத்தானே செய்யும்?”

“டென்ஷன் ஆனா இன்னும் ஜாஸ்தியா ஆடும் அண்ணே,” என்றாள் மனைவி, அக்கறையாக. “ஃபைனல்னா கேக்கவே வேணாம்.”

“அதான் தங்கச்சி, முடிவு பண்ணிட்டேன். மாப்ளே, நிம்மதியா ரெஸ்ட் எடுங்க. உங்க இடத்துல மூணாவது மாடி கேஷியரைப் போட்டாச்சு.”

கேஷியரா! பலகையில் பவுடரை வாயால் ஊதுகிற கேஷியரா! ஒரு காயைப் போட ஒன்பது கோணம் பார்த்து, கடைசியில் எதிராளி காயைப் போட்டுக் கொடுக்கிற கேஷியரா!

“எனக்கு நடுக்கமா? எனக்கா?” கடிகாரக்காரர் எகிறினார். “கடையில வந்து கேளுய்யா! கையில தண்ணி டம்ளரைக் குடு, ஒரு வளையம் வருதான்னு பாரு!”

“வேணாங்க, சிரமப்படாதீங்க,” என்றாள் மனைவி. சிரிஞ்சில் மருந்தை இழுத்துக்கொண்டிருந்தாள். “அப்புறம் இந்த மருந்துக்குப் பக்கத்துல வந்துடாதீங்க. திங்கக்கிழமை மாதிரி கொட்டிடப் போறீங்க.”

“கொட்டுவேனா? குடு இப்படி!”

பிடுங்கினார். உட்கார்ந்தார். பஞ்சுவைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு சாய்த்துக்கொண்டார். இடது கட்டைவிரலால் தாடையை லேசாக நிமிர்த்தி, கடவாய் ஓரம் சிரிஞ்ச் முனையை வைத்தார். அந்த நிமிடம், சொல்லித்தான் ஆக வேண்டும், மனிதர் எவ்வளவு அழகாக இருந்தார்! ஒரு சொட்டு. பஞ்சு விழுங்கும் வரை காத்திருந்தார். இன்னொரு சொட்டு. மீசை மயிரில் ஒன்று கூட நனையவில்லை, ரோமம் ஒன்று கூட உதிரவில்லை. பஞ்சு கண்ணை மூடிக்கொண்டு கடைசிச் சொட்டை நக்கியது. கேரம், கேஷியர், கேப்டன் எல்லாமே அவருக்கு ஒரு கணம் மறந்து போயின. “அவ்வளவுதான் கண்ணு, முடிஞ்சுது,” என்று அதன் காதில் சொன்னார்.

கேப்டன் மூச்சுவிடவே இல்லை. “மாப்ளே… கை கல்லு மாதிரி இருக்கே!”

“பாத்தியா!”

“கேஷியரைத் தூக்கியாச்சு! நாளைக்கு ஆறு மணிக்கு வந்துடுங்க. கப்பு நமக்குத்தான்!”

இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நடுவில் பஞ்சு நசுங்காமல் மனைவி வாங்கிக்கொண்டாள்.

“ரொம்ப சந்தோஷம் அண்ணே,” என்றாள். “ஆனா நாளைக்கு ஆறு மணிக்கு இவரு எப்படி வருவாரு? மருந்து, ஆவி, சாப்பாடு எல்லாம் முடிய ஒண்ணேகால் மணி நேரம் ஆகுமே.”

“அதுக்கென்ன தங்கச்சி, இத்தனை நாள் நீங்கதானே வந்து குடுத்தீங்க?”

“அது இவருக்குக் கை நடுங்கினப்போ. லேப்ல பெர்மிஷன் கேட்டு அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்கேன், ‘கணவருக்குக் கை நடுக்கம், மருந்து கொடுக்க வேறு ஆள் இல்லை’ன்னு. இப்பதான் நம்ம ரெண்டு பேர் கண்ணு முன்னாடியே குணமாயிடுச்சே. இனிமேலும் பொய் சொல்லி பெர்மிஷன் வாங்கச் சொல்றீங்களா அண்ணே?”

கேப்டன் யோசித்தார். நியாயமான மனிதர். “அது தப்புதான் தங்கச்சி,” என்று ஒத்துக்கொண்டு, கேஷியருக்குப் போன் செய்ய எண்ணைத் தேடினார்.

“இரு, இருய்யா!” கடிகாரக்காரருக்கு வியர்த்துவிட்டது. “முழுசா எங்க குணமாச்சு? விட்டு விட்டு வருது! இதோ… இப்பக்கூட வருது பாரு…”

வலது கையை நீட்டினார். கேப்டன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். மனைவி ரத்தம் எடுக்கப் போகிறவள் மாதிரி அந்தக் கையையே பார்த்தாள். அவர் பல்லைக் கடித்தார், மூச்சைப் பிடித்தார், முழங்கையிலிருந்து உந்திப் பார்த்தார்.

பாழாய்ப்போன கை, ஒரு நூல்கூட அசையவில்லை.